மலைக்குப் பின்னால் எட்டிய பாட்டு

அந்த ஊரில் ரேடியோவைத் திருகினால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரே நெரிசல்தான். இந்தப் பக்கத்து ஊர், அந்தப் பக்கத்து ஊர், தலைநகரத்து அரசாங்க நிலையம், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து யாரும் கூப்பிடாமலே வந்து இரைகிற இரண்டு நிலையம் என்று எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு இடம் காலி. அதில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு பேர் பேசுவதும் விளங்காது. அந்த ஓர் இடத்துக்குத்தான் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள்.

யாரோ எவரோ அடித்துக்கொண்டால் ஊர் வேடிக்கை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கும். இவர்கள் ஒரே வீட்டில் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். அண்ணன் பெட்டி செய்கிறவர். பெட்டி என்றால் டிரான்ஸ்மிட்டர். பேச்சையும் பாட்டையும் வாங்கி, ஆன்டெனா வழியாக ஊருக்குள் அனுப்புகிற இரும்புப் பெட்டி. தம்பிக்கு ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் வாய் இருந்தது, பாட்டு ரசனை இருந்தது. நாள் முழுக்கப் பாட்டு போடலாம் என்பது தம்பியின் கட்சி. பேருந்து வருமா, குழாயில் தண்ணீர் வருமா, குவாரியில் இன்றைக்கு வெடி எத்தனை மணிக்கு என்று சொல்லத்தான் ரேடியோ என்பது அண்ணனின் கட்சி. ஒரு நாள் பேச்சு தடித்தது. "உனக்குப் பாட்டுதான் வேணும்னா குளியலறையில போய்ப் பாடு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்குப் போனவர், கடையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கித் தனியாக நிலையம் வைத்துவிட்டார். பாட்டுகளை மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் யாருக்கும் குறையாத சொத்து அது ஒன்றுதான்.

அலைவரிசை ஆணையம் நடுவில் வந்தது. காலி இடத்துக்கு மனுப் போட்டவர்கள் மூன்று பேர்: அண்ணன், தம்பி, தலைநகரத்தில் ஒரு பெரிய கம்பெனி. கம்பெனிக்கு ஏற்கெனவே பல ஊர்களில் நிலையம் இருந்ததால் அதற்குச் சோதனை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரு மாதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே அலைவரிசையில் ஒலிபரப்ப வேண்டும். யாருடைய ஒலி எங்கே வரைக்கும் எட்டுகிறது என்று ஆணையத்தின் வண்டி வந்து அளக்கும். ஒருவருடைய நாளில் மற்றவர் பெட்டியைப் போட்டால் போட்டவரின் மனு அன்றோடு சரி. இதை இரண்டு வீட்டிலும் நன்றாகப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அண்ணன் வீட்டில் மைக் பிடிப்பது அவர் மனைவி. விடிந்ததும் முதலில் கேட்கிற குரல் அவளுடையது என்பதால் ஊர் அவளைக் காலையக்கா என்றே கூப்பிட்டது. கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்தால் முதுகு காட்டி நிற்கிறவர்கள்கூட, "காலையக்காவா? இன்னைக்கு வெடி உண்டா?" என்று திரும்பாமலே கேட்பார்கள். அவளுக்கு அதில் பெருமை, மறைக்கத் தெரியாத பெருமை. கல்யாணமாகி வந்தபோது வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவள். மைக் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தனக்கு ஒரு குரல் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அலைவரிசை போனால் அவளுக்கு அந்தக் காலை போய்விடும்.

தம்பியின் நாட்களில் அவளுக்கு வேலை கிடையாது. ரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்து, "அவங்க கடையில என்னதான் விக்கிறாங்கன்னு பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை ஒரு பாட்டு விடாமல் கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான். வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் ஏதோ ஒரு பாகம் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். அவள் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஒரு பழைய பாட்டு, இரண்டாவது சரணத்தில் இருந்தது.

பாட்டு நின்றது.

முடியவில்லை, நின்றது. பாடகி ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். அவள் கத்தியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ரேடியோவில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. அடுப்பில் பால் பொங்கினால் மற்றவர்கள் எப்படி ஓடுவார்களோ, பேச்சு நின்றுபோன ரேடியோவைக் கேட்டால் இவர்கள் அப்படி ஓடுவார்கள். யார் வீட்டு அடுப்பு என்று பார்ப்பதில்லை. ஈரக் கையோடு அவள் உள்ளறைக்குப் போனாள். ஸ்விட்சைப் போட்டாள். பெட்டியின் காற்றாடி சுழன்று சூடு ஏறியது. கணினியில் அதே பாட்டைத் தேடி எடுத்தாள். இரண்டாவது சரணத்துக்கு நகர்த்தினாள். மைக்கைத் திறந்து, "சின்னத் தடங்கல். பாட்டு தொடருது, கேளுங்க" என்றாள். பாடகி, பாதியில் விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் இன்னொன்று போட்டாள். அது முடிந்ததும் வேறொன்று. சீவிய கிழங்கை எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நறுக்கினாள். மனசு அமைதியாக இருந்தது. கடைத்தெருத் தையல்காரர் போன் செய்தபோதுதான் கத்தி நின்றது.

"அக்கா, ரேடியோவுல என்னமோ ஆயிடுச்சு. ரெண்டு பாட்டு ஒன்னு மேல ஒன்னு விழுது. ஒரு மண்ணும் புரியலை."

தம்பியின் தெருவில் போயிருந்த மின்சாரம் திரும்ப வந்துவிட்டது. அவள் பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் அவள் ரேடியோவில் அவள் பாட்டு மட்டும்தான் கேட்டது. ஸ்விட்சை அணைத்தாள். ஜன்னல் ரேடியோவில் உடனே கொழுந்தன் குரல் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னது. இன்று யாருடைய நாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நறுக்கிய கிழங்கை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு இறங்காது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எவ்வளவு நேரம் ஓட்டுன?"

"கிழங்கு பூரா நறுக்கி முடிக்கிற வரைக்கும்."

"அது ஒரு அளவா?"

"எனக்கு வேற அளவு தெரியலை. மூணு பாட்டு இருக்கும். நாலாவது பாதியில."

"உனக்கு மண்டையில என்ன இருக்கு? அவன் கடை மூடினா நமக்கு என்ன? மூடட்டுமே. அவன் நின்னா நமக்குத்தானே நல்லது?"

"தெரியும்."

"தெரிஞ்சா போட்டே?"

"போடும்போது தெரியலைங்க. பாட்டு நின்னுச்சு, போயிட்டேன். அவ்வளவுதான்."

அவர் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பெட்டி எப்போதோ ஆறிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அளவு வண்டி எங்க நின்னுச்சு இன்னைக்கு?"

"மலைக்குப் பின்னாடியாம். குவாரிக்காரங்க வீடு இருக்குல்ல, அங்க. தையல்காரர் சொன்னாரு."

மலைக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புதான் இந்தப் போட்டியின் முடிச்சு. வெடி நேரம் தெரியவேண்டியது அவர்களுக்குத்தான். தம்பியின் கடைப் பெட்டி மலையைத் தாண்டாது. அண்ணன் செய்த பெட்டி தாண்டும். வண்டி அங்கே நின்றபோது, தம்பியின் நாளில், தம்பியின் அலைவரிசையில், அண்ணனின் பெட்டி பாடியிருக்கிறது. அவருடைய முகம் கறுத்தது.

"அப்ப அவன் எட்டுறான்னு எழுதியிருப்பாங்க."

"எழுதியிருப்பாங்க."

"எட்டுனது நான்டி. நான் செஞ்சது. ராத்திரி பகலா உக்காந்து கம்பி சுத்துனது நான். கடையில வாங்குன டப்பாவுக்கு அந்தப் பேரா?"

"மனு போயிடும்னு கவலைப்படுவீங்கன்னு பாத்தா, இதுக்கா குதிக்கிறீங்க?"

"ரெண்டுக்கும்தான்."

சாப்பிடும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. "யாராவது கேட்டா, வெடி நேரம் சொல்றதுக்காகப் போட்டேன்னு சொல்லு. உயிர் விஷயம்னா விட்டுடுவாங்க."

"இன்னைக்கு வெடியே இல்லைங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்குத் தெரியும். வெடி இல்லைன்னு நேத்து சொன்னதே நான்தானே."

மாதம் முடிந்ததும் மூன்று மனுக்களுக்கும் விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் மாடி அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. ஆணைய உறுப்பினர் ஓர் அம்மா. இருமலுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே கேள்வி கேட்டார். பக்கத்தில் அளவுக்காரர், வண்டியில் வந்து அளந்தவர், ஒல்லியான மனிதர், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல், எல்லா ஊருக்கும் தலைநகரத்திலிருந்தே நிகழ்ச்சி வரும், தரம் ஒரே சீராக இருக்கும் என்று அழகாகப் பேசினார். இந்த ஊர்க் குவாரியில் வெடி எப்போது என்று தலைநகரத்தில் யாருக்குத் தெரியும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அண்ணனின் முறை சீக்கிரம் முடிந்தது. தம்பி எழுந்தார். பிரிந்த பிறகு கொழுந்தனை இவ்வளவு கிட்டத்தில் காலையக்கா பார்ப்பது அப்போதுதான். சட்டைக் காலரில் பொத்தான் இல்லை. ஓரகத்தி பின்வரிசையில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறுப்பினர் அம்மா மிட்டாயை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். "அளவெடுத்த நாள்ல உங்க நிலையம் தடையில்லாம ஓடுச்சா?"

ஆமாம் என்றால் அண்ணியின் ஒலியை அவர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதாக ஆகும். இல்லை என்றால் நடுவில் ஓட்டியது யார் என்று அடுத்த கேள்வி வரும். கொழுந்தன் வாயைத் திறந்தார், மூடினார். பொத்தான் இல்லாத காலரைத் தடவினார். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிற மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை.

"நடுவுல அவங்க தெருவுல கரண்ட் போச்சும்மா," என்றாள் அவள். "நான்தான் என் பெட்டியப் போட்டேன். மலைக்குப் பின்னாடி சார் அளந்தது என் பாட்டு."

வீட்டுக்காரர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தது எல்லோருக்கும் தெரிந்தது. அளவுக்காரர் குடையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"ஏன் போட்டீங்க?"

"பாட்டு பாதியில நின்னுடுச்சும்மா."

"வேற காரணம்?"

"வேற காரணம் இல்லை."

உறுப்பினர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணனின் மனு தள்ளுபடி. அவரும் அவர் மனைவியும் ஒரு வருஷத்துக்கு எந்த நிலையத்திலும் பெட்டியை இயக்கவோ மைக்கில் பேசவோ கூடாது. தம்பியின் ஒலியை அடுத்த வாரம் மறுபடி அளப்பார்கள். மலைக்குப் பின்னால் எட்டினால் அலைவரிசை அவருக்கு. எட்டாவிட்டால் கம்பெனிக்கு.

அவள் உட்காரவில்லை. "எங்க கொழுந்தன் வைக்கிற பெட்டி யாரு செஞ்சதுன்னு பாப்பீங்களாம்மா?"

"தரச்சான்று இருக்கான்னு பாப்போம். யார் செஞ்சா எங்களுக்கு என்ன?"

"இயக்காம, சும்மா மாட்டிக் குடுக்கலாமா?"

"மாட்டலாம். ஸ்விட்ச் போடக்கூடாது."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "நான் செத்தாலும் என் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது."

"கம்பெனி வந்தா மட்டும் உங்க பெட்டிக்கு ஆரத்தி எடுக்கப் போறாங்களா? மூலையில கிடந்து துரு பிடிக்கும்."

"பிடிக்கட்டும். அவன் வந்து கேக்கட்டும் முதல்ல."

அந்தப் பக்கமும் இதே கதைதான். மறுநாள் ஓரகத்தி கொல்லைப்புறமாக வந்தாள். உள்ளே வந்தவள் அழத்தான் போகிறாள் என்று இவள் நினைத்தாள். அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை அக்கா. வீட்டுல கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு எத்தனை தடவை சொல்ல வச்சேன். நல்லாத்தான் சொன்னாரு. அங்க போய் ஊமையாயிட்டாரு."

"என்ன சொல்றாரு இப்ப?"

"அண்ணன் கூப்பிட்டுக் குடுத்தா வாங்கிக்குவாராம். கேக்க மாட்டாராம். மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"இவரு, கேட்டா குடுப்பாராம். கூப்பிட மாட்டாராம்."

"என்ன ஜென்மமோ ரெண்டும்."

"நீ அந்தப் பக்கம் பிடி," என்றாள் காலையக்கா.

ஓரகத்திக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆன்டெனா வயரைக் காலையக்காவே கழற்றினாள். பெட்டி கனம். இரண்டு பேருமாகக் கைப்பிடிக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே தெருவில் இறங்கினார்கள். பட்டப்பகல். பழக்கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார். தையல்காரர் வெளியே வந்து, "வீடு மாத்துறீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டே நிக்காம அந்த சைக்கிளை ஓரமா எடு," என்றாள் அவள்.

குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் உள்ளறையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். துண்டோடு தெருவுக்கு ஓடி வந்தார். பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெண்கள் அதற்குள் முதல் தெருவைத் தாண்டியிருந்தார்கள். ஓரகத்திக்குக் கை வழுக்கிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"சாய்க்காதே," என்று கத்தினார். "நேரா பிடி. காத்தாடி பக்கம் விரலை விடாதேம்மா, தகடு வளைஞ்சுடும்."

"அப்ப நீங்க பிடிங்க மாமா," என்றாள் ஓரகத்தி. சொன்னதோடு விட்டும்விட்டாள்.

பிடிக்காமல் என்ன செய்வார்? கீழே விழுவது அவர் பெட்டி. பிடித்துக்கொண்டு நின்றவர், திருப்பிக்கொண்டு போகலாமா என்று யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஆன்டெனா இல்லாம ஸ்விட்சைப் போட்டா எரிஞ்சுபோயிடும்," என்றார் மனைவியிடம். "அவன் போடுவான். அவனுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். யாராவது மாட்டிக் குடுத்தா நல்லா இருக்கும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். மாடிப்படியின் உச்சியில் தம்பி நின்றுகொண்டிருந்தார். துண்டோடு, ஈரத்தலையோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற அண்ணனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. வழி விட்டார். பிறகு இறங்கி வந்து அண்ணியின் கையிலிருந்த கைப்பிடியை வாங்கிக்கொண்டார். அண்ணன் மத்தியானம் வரைக்கும் வயரோடு மல்லுக்கட்டினார். பேச வேண்டியதை எல்லாம் பெண்கள் வழியாகவே பேசினார். "அந்த ஸ்பேனரைக் கேளு." "எங்க வச்சிருக்கான்னு கேளு." எல்லாம் முடிந்ததும் பெட்டியிலிருந்து விலகி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்விட்ச் அவர் போடக்கூடாது.

தம்பி ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"போடு," என்றார் அண்ணன்.

அளவு வண்டி சொன்ன நாளில் வந்தது. அன்றைக்குக் காலையில் மைக்கில் பேசியது ஓரகத்தி. இதற்காக அவளை இரண்டு நாளாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தாள் காலையக்கா. அப்படியும், "குவாரியில் வெடி" என்று சொல்வதற்கு முன்னால் அவள் விடுகிற மூச்சு கீழே முற்றத்தில் இருந்த ரேடியோவில் தெளிவாகக் கேட்டது. காலையக்கா முற்றத்தில் நின்றுகொண்டு உதட்டை மட்டும் அசைத்து அதையே சொல்லிக்கொண்டாள். அவள் குரலுக்கு ஒரு வருஷம் வேலை இல்லை. ஆனாலும் அலைவரிசை ஊரை விட்டுப் போகாதே என்று தேற்றிக்கொண்டாள். கம்பெனிக்குப் போனால் அதுவும் இல்லை.

மத்தியானம் அளவுக்காரர் திரும்பி வந்தார். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தார். அவள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எட்டுதாம்மா. மலைக்குப் பின்னாடி அப்படியே மணியா கேக்குது. உத்தரவு அவருக்குத்தான் வரும்."

"சந்தோஷம் சார்."

அவர் இரண்டு வாய் குடித்தார். மாடியைப் பார்த்தார், யாரும் இல்லை. "ஒன்னு கேக்கட்டுமா? நீங்க ஏம்மா அன்னைக்கு எழுந்து சொன்னீங்க?"

"கேட்டாங்களே சார்."

"உங்களையா கேட்டாங்க? அவரைக் கேட்டாங்க. அது எல்லா ஊர்லயும் எல்லாரையும் கேக்கிற கேள்வி. பதில் வராட்டி, சரின்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க."

அவர் இன்னொரு வாய் குடித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் அவர். "முந்தின நாள் பூரா உங்க குரலைக் கேட்டுக்கிட்டு வண்டியில சுத்துனவன் நான். சின்னத் தடங்கல்னு நீங்க சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. என் கருவியில குரலுக்கு முள் கிடையாது. என்ன அளவு வந்துச்சோ அதை எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு நாளும் ஒரே அளவு. ரெண்டு பேரும் சரிசமமா எட்டுறாங்க, ஊர்க்காரங்க வேற. அப்படி வந்தா என்ன செய்வோம்னு தெரியுமா? அலைவரிசையை ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துடுவோம். மத்தியானம் வரைக்கும் ஒருத்தர், அதுக்கப்புறம் ஒருத்தர். உறுப்பினர் அம்மா வரும்போதே அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தாங்க."

"மத்தியானம் வரைக்கும்," என்றாள் அவள்.

"ஆமா. காலை உங்களுக்குத்தான் வந்திருக்கும்."

ரேடியோவில் தம்பி ஏதோ பாட்டைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் காலியான தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் முன்னால் அழக்கூடாது என்று முகத்தைத் திருப்பி முற்றத்துக் குழாயில் தம்ளரைக் கழுவினாள். சுத்தமான பிறகும் கழுவினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மனசுல கிடந்து உறுத்துச்சு, அதான் சொன்னேன்."

"உங்க உறுத்தல் போச்சுல்ல சார். இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."

அவர் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர் மாடிப்படியில் வேகவேகமாக இறங்கி வந்தார். கையில் எண்ணெய்க் கறை, தோளில் தம்பியின் துண்டு.

"என்ன சொன்னான்?"

"எட்டுதாம்."

"எட்டாம எங்க போகும்," என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இவ்வளவு நேரமா உக்காந்திருந்தானே. வேற என்ன சொன்னான்?"

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேற ஒன்னும் சொல்லலைங்க."